மாலத்தீவுக்கு முதல் பயணம்: அறைக்கு முன்னால் படகைப் பாருங்கள்

முதல் முறை போனபோது நானும் என் மனைவியும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். படங்களைப் பார்த்து ஒரு தீவைப் பிடித்தோம். அறையைப் பதிவு செய்தோம். கடைசியாக, மலிவாகக் கிடைத்த விமானத்தில் டிக்கெட் எடுத்தோம். விமானம் மாலையில் இறங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் தீவுக்கான கடைசி ஸ்பீட்போட் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது மறுநாள் காலையில்தான். தனிப்படகு எடுக்கலாம் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகை எங்கள் நான்கு நாள் அறை வாடகையை நெருங்கியது. அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் படுத்தோம். பணம் கட்டிய அறை தீவில் பூட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டேன், ஒரு முறை வயதான அப்பா அம்மாவோடு. இப்போது யார் யோசனை கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது?" என்பதுதான். அதைப் பொறுத்து எந்தப் படகு என்று தெரியும். படகைப் பொறுத்து எந்தத் தீவு என்று தெரியும். அறை அதற்கப்புறம். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன்: இரண்டு வகைத் தீவுகள்

மாலத்தீவு என்பது ஏறக்குறைய 1,200 சின்னஞ்சிறு பவளத் தீவுகள். அவை வளையம் வளையமாக, வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு வளையமும் ஓர் அட்டோல். உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல்லே இவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போனது. மக்கள் குடியிருப்பவை 200க்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கும் மேற்பட்டவை ரிசார்ட்டுகள். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே பழக்கம்.

முதல் ரிசார்ட்டான குரும்பா 1972இல் திறந்தது. அதன்பின் பல ஆண்டுகள், வெளிநாட்டார் ரிசார்ட்டில் மட்டும்தான் தங்கலாம், ஊர்மக்கள் வாழும் தீவில் தங்க முடியாது என்ற நிலை இருந்தது. 2009 வாக்கில் அந்தக் கதவு திறந்தது. இன்று மாஃபுஷி, திகுரா, தொட்டூ, உகுல்ஹாஸ் போன்ற ஊர்த்தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ்கள் நிறைய. நடுத்தரக் குடும்பம் மாலத்தீவைப் பார்க்க முடிகிறதென்றால் இந்த மாற்றத்தால்தான்.

கடல் இரண்டிலும் ஒன்றே. ரிசார்ட்டில் தனிமை, மது, எந்த உடையிலும் கடற்கரை, தண்ணீர்மேல் கட்டிய வீடு. ஊர்த்தீவில் குறைந்த செலவு, பள்ளிக்கூடம், மசூதி, டீக்கடை, சாயங்காலம் வாசலில் கயிற்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: மூன்று இரவு ஊர்த்தீவு, ஓர் இரவு ரிசார்ட். அதற்கும் கையில் பணம் இல்லையென்றால் ஊர்த்தீவில் இருந்துகொண்டே ஒரு பகல் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போய்வரலாம். மாஃபுஷியில் பல கெஸ்ட்ஹவுஸ்கள் இதற்கு ஏற்பாடு செய்கின்றன. மதியச் சாப்பாடும் படகும் அந்தக் கட்டணத்தில் சேர்ந்துவிடும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, கடல் அமைதி. விலையும் அப்போதுதான் உச்சம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம்: காற்று, அலை, திடீர் மழை. நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை. ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வந்துவிடும் நாட்களும் உண்டு. ஆனால் படகுப் பயணம் குலுக்கும். அந்த மாதங்களில் தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுப் பக்கம் போகாமல் கரையில் நிற்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள்; காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு காலங்காலமாக அந்தக் கடலில் போய்வருகிறவர்களே ஒதுங்கி நிற்கும் பருவம் அது.

பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்பிவிடுங்கள். மே கடைசி வாரத்துக்குத் தள்ளினால் விலை குறையும், கடல் கலங்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் அந்த விலைக்குறைவுக்கு ஆசைப்பட வேண்டாம். மாந்தா திருக்கையைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமென்றால் கதை வேறு. பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டமாக வருவது ஜூன் முதல் நவம்பர் வரைதான். அந்த அட்டோல் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. விரிகுடாவில் சிலிண்டர் மாட்டி மூழ்க அனுமதியில்லை. ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழல் போட்டு மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம்.

படி 2: விமானம் இறங்கும் நேரம்

திருவனந்தபுரம், கொச்சி, கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து தலைநகரான மாலே மிக அருகில். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பின். தென்மாவட்டக்காரர்கள் சென்னைக்குப் போவதைவிடத் திருவனந்தபுரத்திலிருந்து ஏறுவது லாபமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிக்கெட்டில் கண் வைக்க வேண்டிய இடம் விலையைவிட இறங்கும் நேரம். காலையிலோ, பிற்பகல் 2 மணிக்குள்ளோ இறங்கினால் எந்தத் தீவுக்கும் அன்றே போய்ச் சேரலாம். மாலை 4 மணிக்கு மேல் இறங்கினால், தண்ணீரிலேயே ஏறி இறங்கும் கடல் விமானம் கிடையாது, தொலைவான ஊர்த்தீவுகளுக்குக் கடைசிப் படகும் போயிருக்கும். அப்படி ஒரு விமானம்தான் கிடைக்கிறதென்றால் முதல் இரவை விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலே தீவிலேயே தங்குவதாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள், அல்லது இரவிலும் படகு ஓடும் மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவைத் தேர்ந்தெடுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். மாலத்தீவு நேரம் நம்முடையதற்கு அரை மணி நேரம் பின்னால். பல ரிசார்ட்டுகள் வெளிச்சத்தைக் கூடுதலாக அனுபவிப்பதற்காகத் தங்கள் தீவில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்கின்றன. படகு நேரம் சொல்லும்போது அது மாலே நேரமா, தீவு நேரமா என்று கேட்டே ஆக வேண்டும்.

படி 3: எதில் போவது

நீங்கள் இறங்கும் வெலானா விமான நிலையமே ஒரு தீவு. வெளியே வந்ததும் சாலைக்கு அந்தப்பக்கம் கடல், படகுகள் கட்டிக் கிடக்கும். அங்கிருந்து நான்கு வழிகள்.

முதலாவது அரசு ஃபெர்ரி. மெதுவாகப் போகும் பெரிய படகு. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கட்டணம் மிகச் சொற்பம். ஊர்மக்கள் அரிசி மூட்டை, மின்விசிறி, குழந்தை என்று எல்லாவற்றோடும் வருவார்கள். எனக்குப் பிடித்த பயணம் இதுதான். ஆனால் இது விமான நிலையத்திலிருந்து கிளம்பாது. மாலே நகரத்துக்குப் போய், தென்மேற்கு மூலையிலுள்ள ஃபெர்ரி முனையத்தில் ஏற வேண்டும். பல வழித்தடங்களில் நாளுக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஓடாது. இப்போது பல அட்டோல்களில் அரசே வேக ஃபெர்ரியும் விடுகிறது. உங்கள் தீவுக்கு அது உண்டா என்று கெஸ்ட்ஹவுஸ்காரரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, நேரம் குறித்து ஓடும் ஸ்பீட்போட். பெரும்பாலான புதியவர்கள் எடுக்க வேண்டியது இதுதான். விமான நிலையத் துறையிலேயே ஏறலாம். மாஃபுஷிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், ஒருவருக்கு 25 டாலர் அளவில். தொட்டூவுக்கு ஒன்றேகால் மணிக்கு மேல், திகுராவுக்கு இரண்டு மணி நேரம். தூரத்துக்கேற்ப காசும் ஏறும். தொலைவான தீவுகளுக்குக் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று இரண்டே நடை இருக்கலாம். இடத்தைக் கெஸ்ட்ஹவுஸ்காரரே பிடித்துத் தருவார். விமான எண்ணை அனுப்பிவிடுங்கள். தாமதமானால் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஸ்பீட்போட்டில் பின்பக்கமாக உட்காருங்கள். முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. என் அம்மாவை முதல் தடவை நல்ல காட்சி தெரியட்டும் என்று முன்னால் உட்காரவைத்தேன். இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பும்போது கடைசி வரிசை, ஓரத்தில் காற்று, சிரித்துக்கொண்டே வந்தார். வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போடுவதில் பயனில்லை, ஏறுவதற்கு முக்கால் மணி முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் வேண்டாம்.

மூன்றாவது, உள்நாட்டு விமானமும் அங்கிருந்து சிறு படகும். பா அட்டோலின் தாரவந்தூ, தென் ஆரி அட்டோலின் மாமிகிலி, தெற்குக் கோடியில் கன் என்று சின்ன விமான நிலையங்கள் உண்டு. இருட்டிய பிறகும் இவை பறக்கும் என்பதுதான் பெரிய வசதி.

நான்காவது, கடல் விமானம். இரட்டை இஞ்சின் ட்வின் ஆட்டர், பதினைந்து பேர் அளவில் ஏறலாம், விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அட்டோல்களின் வளையங்கள் நீலத்தில் வரைந்த கோலம் போலத் தெரியும். அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் மூன்று விஷயங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் மாலேயில் இறங்கினால் பெரும்பாலும் அன்று இடம் கிடையாது. நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள், காத்திருப்பும் உண்டு. போகவர ஒருவருக்குப் பெரும்பாலும் 400 டாலரைத் தாண்டும். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மேலே போனால் கூடுதல் கட்டணம்.

இதனால்தான் சொல்கிறேன்: "ரிசார்ட் இரவுக்கு இத்தனை டாலர்தான்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அங்கே போக எது என்று தேடுங்கள். ஸ்பீட்போட்டில் போகும் ரிசார்ட் இரவுக்கு 80 டாலர் கூடுதலாக இருந்தாலும், இரண்டு மூன்று இரவுக்கு அதுதான் மொத்தத்தில் மலிவாக முடியும். நால்வர் குடும்பமாகப் போனால் கேட்கவே வேண்டாம்.

படி 4: தீவைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது தீவு. மாஃபுஷி கூட்டமான தீவு, விடுதிகள் நெருக்கமாக இருக்கும், எல்லாச் சுற்றுலாவும் மலிவு. மூன்று நாட்களுக்குக் குறைவாகப் போகிறவர்களுக்குச் சரி. அமைதி வேண்டுமென்றால் ஃபுலிதூ, உகுல்ஹாஸ். திமிங்கிலச் சுறாவைப் பார்க்கத் திகுரா. அந்தப் பக்கத்துக் கடலில் ஆண்டு முழுக்க அவை உண்டு. தொட்டூ விவசாயத் தீவு. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போய்க் கடலில் இறங்கலாம். என் அப்பா கடலைவிட அந்தத் தோட்டங்களில்தான் அதிக நேரம் இருந்தார், சொட்டுநீர்க் குழாயைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குத் துலுஸ்தூ.

எந்தத் தீவானாலும், ரிசார்ட்டானாலும், ஒரு கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: அங்கே கரையோரம் லகூனா, பவளப்பாறையா? லகூன் என்பது இடுப்பளவு, மார்பளவு ஆழத்தில் வெள்ளை மணல் தெரியும் அமைதியான நீர். நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் இடம். கரையிலிருந்தே நீந்திப் போய் மீன் பார்க்க வேண்டுமென்றால் கரைக்கு அருகிலேயே பாறைவிளிம்பு இருக்க வேண்டும். லகூன் மட்டும் உள்ள ரிசார்ட்டில் தங்கிவிட்டு "மீனே இல்லை" என்று வருந்துகிறவர்களையும், பாறையோரத் தீவில் தங்கிவிட்டுப் பிள்ளைகளைத் தண்ணீரில் விடப் பயந்து அறையில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். கரையை ஒட்டி அகலமாக வெளிர்நீலம் தெரிந்தால் லகூன். கொஞ்ச தூரத்திலேயே கருநீலமாக மாறினால் பாறைவிளிம்பு.

மணல் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்மேற்குக் காற்றில் ஒருபக்கம் அரித்து மறுபக்கம் சேரும். பழைய படத்தில் அகலமாக இருந்த கடற்கரை நீங்கள் போகும்போது ஒடுங்கியிருக்கலாம். புதிய விருந்தினர்கள் போட்ட படங்களைத்தான் நம்ப வேண்டும்.

படி 5: அறையும் கடைசி பில்லும்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு; சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 விழுக்காடு, அது சேவைக் கட்டணத்தின்மேலும் விழும். ஆக 100 டாலர் என்று போட்டது 128 டாலர் 70 சென்ட் ஆகும். ரிசார்ட்டில் குடிக்கும் காப்பிக்கும் இதே கணக்குதான்.

இதற்கு மேல் பசுமை வரி, ஆளுக்கு, நாளுக்கு. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் 12 டாலர். ஊர்த்தீவில் 50 அறை வரையுள்ள கெஸ்ட்ஹவுஸில் 6 டாலர். இரண்டு பேர் நான்கு இரவு தங்கினால் கெஸ்ட்ஹவுஸில் 48 டாலர், ரிசார்ட்டில் 96 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. பதிவுத் தளங்களில் பல நேரம் இது மொத்தத் தொகையில் சேராது, போன பிறகு கேட்பார்கள்.

ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு மட்டும் உள்ள அறையை எடுக்காதீர்கள். அந்தத் தீவில் வேறு கடையே கிடையாது. தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாம் அவர்கள் விலைதான். மூன்று வேளையும் சேர்ந்த திட்டம் எடுங்கள், குடிதண்ணீர் அதில் சேருமா என்றும் கேளுங்கள். ஊர்த்தீவில் இதற்கு நேர்மாறு: காலைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு மீதியை வெளியே சாப்பிடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர்வீடு. ஓர் இரவுக்குப் போதும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதில் அனுமதிப்பதும் இல்லை. கதவைத் திறந்தால் கீழே கடல்.

படி 6: காகிதங்கள், பெட்டி

சுற்றுலா விசா போய் இறங்கியதும் கிடைக்கும், கட்டணம் இல்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதம் இருப்பது நல்லது. விமான நிறுவனங்கள் கேட்கும். புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் பயணிகள் படிவம் நிரப்ப வேண்டும். திரும்பும்போதும் ஒருமுறை. இது முழுக்க இலவசம். தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கொண்டுபோகக் கூடாதவை: மது, பன்றி இறைச்சி, மின்சிகரெட், வழிபாட்டுச் சிலைகள். கடைசியைக் குறிப்பாக நம்மவர்களுக்குச் சொல்கிறேன். பயணத்துக்கென்று பையில் சின்னப் பிள்ளையார் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

டாலரைக் கிழியாத, கிறுக்காத நோட்டாக, சில்லறையாகவும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளூர்ப் பணம் ருஃபியா. ஒரு டாலருக்கு 15 ருஃபியா 42 லாரி (லாரி என்பது நம் பைசா போல) என்பது அரசு விகிதம். டீக்கடைக்கும் ஃபெர்ரிக்கும் வேண்டிய அளவு மட்டும் மாற்றுங்கள், அதை வெளிநாட்டில் திரும்ப மாற்ற முடியாது. முழுக்கை நீச்சல் சட்டை, பாறைக்கு ரப்பர் செருப்பு, சொந்தமாக ஸ்நார்க்கல் முகமூடி, வழக்கமான மருந்துகள். தீவில் சுகாதார நிலையம் இருக்கும், உங்கள் மாத்திரை இருக்கும் என்று சொல்ல முடியாது. பயணக் காப்பீட்டில் அவசரத்துக்கு நோயாளியை மாலேக்குத் தூக்கிப்போகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: இறங்கியதும்

வெளியே வரும் கூடத்தில் சிம் கார்டு கடைகள். திராகு, ஊரீடூ இரண்டும் உண்டு. அதை முடித்துக்கொண்டு உங்கள் பெயர்ப் பலகை பிடித்திருப்பவரைத் தேடுங்கள். பலகை இல்லையென்றால் பதறாமல் கெஸ்ட்ஹவுஸ்காரருக்கு அழையுங்கள்; படகுத்துறை எதிரிலேயே என்பதால் வழி தவற வாய்ப்பு குறைவு. ஹுல்ஹுமாலேக்குச் சாலை வழியாகவும், மாலேக்கு 2018இல் திறந்த பாலம் வழியாகவும் பஸ்ஸும் டாக்சியும் ஓடுகின்றன. மாலேக்குச் சிறு ஃபெர்ரியும் உண்டு, பத்து நிமிடம்.

படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து, ஒரு மாற்றுடை இவை மட்டும் தண்ணீர் புகாத கைப்பையில் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

படி 8: ஊர்த்தீவில் நாட்கள்

ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை. நீச்சலுடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். பிகினி கடற்கரை என்றே பலகை இருக்கும். மது கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரமலானில் பகலில் பெரும்பாலான உணவுக்கடைகள் திறக்காது. கெஸ்ட்ஹவுஸில் சமைத்துத் தருவார்கள், முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். அங்கே வாழ்கிறவர்களின் வீட்டு வாசல் வழியாகத்தான் நாம் கடலுக்கு நடக்கிறோம். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் நமக்குச் சிரமமே இல்லை. காலையில் மாஸ் ஹுனி: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை பிசைந்தது, கூட ரோஷி என்ற மெல்லிய ரொட்டி. மாஸ் என்றால் மீன். நம் கடலோர ஊர்களிலும் ஈழத்திலும் மாசிக் கருவாடு என்கிறோமே, அந்த மாசி இந்தத் தீவுகளின் சரக்குதான். சாயங்காலம் டீக்கடையில் ஹெதிகா என்ற பலகார வகைகள். தட்டுத் தட்டாக மேசையில் வைப்பார்கள். வேலைசெய்வோரில் பலர் வங்கதேசத்துக்காரர்கள். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பலகாரத்திலும் சில குழம்பிலும் மீன் ஒளிந்திருக்கும். "மாஸ் வேண்டாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, சோறு, பழம் எங்கும் கிடைக்கும். காய்கறிதான் அரிது, பெரும்பாலும் கப்பலில் வருவது.

படி 9: தண்ணீருக்குள்

இதை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். மாலத்தீவுக் கடல் பார்க்கக் குளம்போல இருக்கும். ஆனால் அட்டோலின் வளையத்தில் உள்ள இடைவெளிகள் வழியாக நீர் ஆறுபோல் ஓடும். பாறைவிளிம்பைத் தாண்டினால் அந்த ஓட்டம் பிடித்துக்கொள்ளும். எந்தக் கடற்கரையிலும் இறங்குமுன் உள்ளூர்க்காரரிடம் அன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தனியாக இறங்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்களும் படகுச் சுற்றுலாவில் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் குறுக்காக, கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

முகமூடியைப் புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாள் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து, வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். பத்து நிமிடத்தில் பயம் போய்விடும். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. லகூனில் அப்படி நின்றபடியே தன் காலைச் சுற்றி வந்த கிளிமீனைப் பார்த்துவிட்டு அவள் கையை ஆட்டிக் கூப்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கரையோரம் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகள் சுற்றும். அவை நம்மைக் கண்டால் விலகிப்போகும். கவனிக்க வேண்டியது பெரிய க்ளாத்தி மீன் கூடு கட்டும் இடம்; அது துரத்திக் கடிக்கும். மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள். பவளத்தின்மேல் நிற்கவே கூடாது. அது உயிர். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இங்குள்ள பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தன. பிழைத்து வளர்ந்துகொண்டிருப்பதை நம் காலடியில் உடைக்க வேண்டாம். பவளம், ஆமை ஓடு என்று எதையும் ஊருக்கு எடுத்துவரவும் சட்டம் இடம் தராது.

திமிங்கிலச் சுறாவைப் பார்க்கப் போகும் படகில் ஏறுமுன், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கூட்டமாகக் குதித்து அதன்மேல் விழுகிற படகும் உண்டு, தள்ளி நின்று அமைதியாக இறக்கிவிடும் படகும் உண்டு. இரண்டாவதற்குப் பத்து டாலர் கூடுதல் என்றாலும் கொடுங்கள்.

படி 10: திரும்பும் நாள்

காலை 9 மணிக்கு முன் விமானமென்றால் முந்தின நாளே மாலேப் பக்கம் வந்துவிடுங்கள். அந்நேரத்துக்குக் கடல் விமானம் வந்து சேராது, முதல் ஸ்பீட்போட்டும் சந்தேகம். கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமையானால் படகு நேரத்தை இருமுறை உறுதிசெய்யுங்கள். சிலிண்டர் மாட்டி மூழ்கியவர்கள் கடைசி மூழ்கலுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் விடுவது பாதுகாப்பு; கடல் விமானமும் விமானம்தான். விமான நிலையப் புறப்பாட்டு வரி டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும்.

மாலேயில் அரை நாள் கிடைத்தால் ஹுகுரு மிஸ்கியைப் பாருங்கள். 1658இல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டிய மசூதி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மீன் சந்தை. பிற்பகலில் படகுகள் திரும்பும் நேரம், சூரையை வரிசையாகத் தரையில் அடுக்குவார்கள், கத்திக்காரர்கள் கண் இமைக்கும் நேரத்தில் துண்டாக்குவார்கள். அதற்குப் பக்கத்து உள்ளூர்ச் சந்தையில் மாசி கிடைக்கும். கருத்து, கட்டை போல் இறுகி, தட்டினால் டக்கென்று சத்தம் வருவதாகப் பார்த்து எடுங்கள். இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி, அழுக்குத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். எங்கள் வீட்டில் அது சம்பலுக்கு ஆறு மாதம் வந்தது.